வண்ணாரப்பேட்டையில் ஓராண்டுக் குடித்தனம்: பால் பாக்கெட் முதல் மழைக்காலம் வரை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். நீங்கள் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஓராண்டு வேலை. பழைய வண்ணாரப்பேட்டையில், தியாகராயா கல்லூரி மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், முதல் மாடியில் வீடு பார்த்தாயிற்று. மாமியாரும் கூட வருகிறார்; இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர். மொழி தெரியும், ஊர் தெரியாது. கடை கண்ணி, தண்ணீர், கேஸ், மருந்து, குப்பை என்று அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே பேட்டைக்காரி. எங்கள் வீட்டு மாடியில் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல வருடங்களாக வாடகைக்கு இருந்து வருகின்றன. அவர்கள் எல்லாரும் முதல் மாதத்தில் தடுமாறியது ஒரே இடத்தில்தான். கடை எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள், கைப்பேசியும் காட்டிவிடும். எந்த வேலையை எந்த நேரத்தில், யாரைப் பிடித்துச் செய்வது என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது. வட சென்னையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு ஆள் உண்டு. பாலுக்கு விடியற்காலை, குழாய்த் தண்ணீருக்கு உங்கள் தெருவின் முறை, மீனுக்கு வெயில் ஏறுவதற்கு முன், டாக்டருக்கு மாலை விளக்கு வைத்த பிறகு. நேரம் தப்பினால் சின்ன வேலைகூட அரை நாளைத் தின்றுவிடும். நேரம் பிடிபட்டுவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் காகித வேலை. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வெளிநாட்டவர் வீட்டில் தங்க வந்தால் வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் தங்குபவர் விவரப் படிவத்தை, வழக்கில் சி ஃபார்ம் என்று சொல்வார்கள், இணையத்தில் பதிய வேண்டும். இது அவருடைய பொறுப்பு. ஆனாலும் சாவி வாங்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் கையில் கொடுத்து, "சி ஃபார்ம் போட்டுடுங்க அண்ணா" என்று நினைவுபடுத்திவிடுங்கள். உங்கள் விசா 180 நாளுக்கு மேல் செல்லுபடியாகும் என்றால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். வீட்டில் ஸ்கேனர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பது, பக்கங்களை ஸ்கேன் செய்து கேட்ட அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பது, பிரிண்ட் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் மூன்றிலும் ஐந்தாறு நகல் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். சிம் கார்டு முதல் வங்கி வரை அந்த ஃபைல் கூடவே வரும்.

இந்த ஊரில் உள்ளூர் கைப்பேசி எண் இல்லாமல் ஒரு வேலையும் நகராது. கேஸ், வங்கி, கடை, டாக்சி எல்லாமே ஓடிபி கேட்கும். சிம் கார்டைத் தெருமுனைக் கடையில் கேட்பதைவிட, ஏர்டெல் அல்லது ஜியோவின் சொந்தக் கடைக்கே போய் வாங்குங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் சிம் போடும் முறை அங்கேதான் பழக்கம். உள்ளூர்க்காரர் ஒருவருடைய எண்ணையும் கேட்பார்கள். வீட்டு உரிமையாளரிடமோ கணவரின் அலுவலகத்திலோ முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. கணவருக்குச் சம்பளக் கணக்கு திறக்கும்போதே உங்களையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். கீரை விற்கும் அம்மா வரைக்கும் இங்கே கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். அதைக் கைப்பேசியில் காட்டிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் செலுத்தும் யூபிஐ உங்களுக்கு வேலை செய்ய, வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே கைப்பேசியில் இருக்க வேண்டும். ரகசிய எண் அமைக்கும்போது ஆதார் அல்லது டெபிட் கார்டு கேட்கும். இந்தியாவில் 182 நாள் தங்கிய பிறகுதான் வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், உங்களுக்கு டெபிட் கார்டுதான் வழி. கணக்கு திறக்கும் அன்றே கார்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இதெல்லாம் அமையும்வரை பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக எப்போதும் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரி எழுதும் விதத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பல வீடுகளுக்குக் கதவிலக்கம் இரண்டு இருக்கும்: பழைய எண், புதிய எண். பலகையில் 14/27 என்று பார்த்தால் இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே தெருவில் பழைய 27 ஒரு கோடியிலும் புதிய 27 இன்னொரு கோடியிலும் இருக்கும். பார்சல் கொண்டு வருபவர் தெருவை அளந்துகொண்டிருப்பார். எண்கள் இரண்டையும் எழுதுங்கள், 'பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 600021' என்று முடியுங்கள். கூடவே ஒரு அடையாளமும் சேருங்கள்: கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மருந்துக் கடை, எதுவானாலும் சரி. புது வண்ணாரப்பேட்டை வேறு, தண்டையார்பேட்டையோடு சேர்ந்த 600081. வெறும் 'வண்ணாரப்பேட்டை' என்று எழுதினால் ஆட்டோக்காரர் உங்களை அங்கே இறக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

இனி தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிள்ளானில் குழாயைத் திறந்தால் வரும் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இங்கே மிகப் பெரிய மாற்றம் இதுதான். உங்கள் வீட்டுக்கு இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். ஒன்று போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்: மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவது, குளிக்க, துவைக்க. கடல் பக்கத்திலேயே இருக்கிற பகுதி என்பதால் பல வீடுகளில் இது உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. இன்னொன்று மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் விடும் தண்ணீர். புழல் ஏரியிலிருந்து வருவதோடு, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்தும் வட சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. அந்த நிலையம் 2010இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. உங்கள் கணவர் வேலைக்குப் போகும் இடத்துப் பக்கம்தான்.

இந்த மெட்ரோ வாட்டர் நாள் முழுக்க வராது. எந்த நேரத்தில் வரும், தினமுமா ஒரு நாள் விட்டு ஒரு நாளா என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதனால் குடி வந்த அன்றே கீழ் வீட்டு அம்மாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அக்கா, நம்ம தெருவுல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்பதுதான். பழைய வீடுகளில் வாசலிலோ நடையிலோ ஒரு அடி பம்பு இருக்கும். வாரியக் குழாயிலிருந்து நேராக அதில்தான் அடித்துப் பிடிப்பார்கள். அழுத்தம் குறைவாக வருவதால் தண்ணீர் தானாக மேலே ஏறாது. முதல் கை அடியில் காற்றுதான் வரும். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு கலங்கலாக ஒரு குடம் வரும். அதைத் துடைக்கவும் கழுவவும் தனியாக ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். அதற்குப் பிறகு தெளிவாக வருவதைக் குடத்தில் பிடியுங்கள். பிடித்ததும் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பழைய குழாய்கள் இருக்கும் தெருக்களில் சில நாள் கழிவுநீர் கலந்துவிடும், நாற்றத்திலேயே தெரியும். அன்றைக்கு அதைச் சமையலுக்குத் தொடாதீர்கள். குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. நீங்கள் ஒருவர் சொல்வதைவிடத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சொன்னால் ஆள் சீக்கிரம் வருவார். வீட்டில் ஒரே பம்பு, பல குடித்தனம் என்றால் குடம் வைப்பதற்கு வரிசை உண்டு. அந்த முறையை முதல் நாளே கேட்டு அதன்படி நடந்துகொண்டால் வீட்டுக்குள் மனஸ்தாபம் வராது. வாரியக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சட்டப்படியும் தவறு, அடுத்த வீட்டுக்காரர் தண்ணீரைப் பறிப்பதும் ஆகும்.

குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்கிவிடுங்கள், மாமியார் இருப்பதால் இதைக் கட்டாயமாகவே சொல்கிறேன். முதல் கேனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், அதன் பிறகு காலிக் கேனைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவது. முதல் மாடி என்பதால் தூக்கி வர ஐந்தோ பத்தோ கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அந்தப் படிகளை ஏறுகிறவருக்குத்தான் தெரியும் அதன் கனம். மூடியின் சீல் பிரிக்காமல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் நடைபாதையில் அடுக்கி வைத்திருக்கும் கேன் வேண்டாம்.

கேஸ் இணைப்பு அடுத்த தலைவலி. வீட்டு உரிமையாளர் தன் பெயரில் உள்ள 14.2 கிலோ சிலிண்டரைக் கொடுத்தால் நல்லது. ஆனால் அது வந்து இறங்கும்போது அவருடைய கைப்பேசிக்கு வரும் குறியீட்டைச் சொன்னால்தான் ஆள் கொடுத்துவிட்டுப் போவார். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழி இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். இண்டேனில் 'சோட்டு' என்று கேட்டால் தெரியும். முகவரிச் சான்று வேண்டாம், ஒரு அடையாள அட்டை போதும். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். எந்த சிலிண்டராக இருந்தாலும் வாங்கும்போது அதன் கைப்பிடி வளையத்துக்குக் கீழே இருக்கும் பட்டைகளைப் பாருங்கள். ஒன்றில் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 (சின்ன சிலிண்டர் என்றால் 5) கூட்டினால் வரும் எடை தராசில் வர வேண்டும். நிறுத்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. இன்னொரு பட்டையில் ஆங்கில எழுத்தில் ஏ, பி, சி, டி என்று ஏதோ ஒன்றும், ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதத்தோடு அந்தச் சிலிண்டரின் பரிசோதனைக் கெடு முடிகிறது. கெடு தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு இண்டக்ஷன் அடுப்பையும் வாங்கி வைத்துவிட்டால் சிலிண்டர் தாமதமாகும் நாளில் பட்டினி இல்லை.

மின்சாரத்தில் பெரிய சிக்கல் கிடையாது. உங்கள் ஊர்ச் சாதனங்கள் இங்கே ஓடும், மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிளக் மட்டும் மாற வேண்டும்: அங்கே மூன்றும் தட்டைப் பட்டை, இங்கே உருண்டைக் கம்பி. எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்தால் அங்கேயே மாற்றித் தருவார்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்குப் பெரிய பவர் பிளக் போடச் சொல்லுங்கள். கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று குடி வரும் முன்பே கேளுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலிப்பார், அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். பெரும்பாலும் காலை 9 முதல் 2 வரை. அன்று விடிந்ததும் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

பால் ஆவின் பூத்தில், காலை ஐந்தரையிலிருந்து. நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சுப் பாக்கெட் 6 சதவீதம். மாமியாருக்கு நீலம், காபி திக்காக வேண்டுமென்றால் ஆரஞ்சு. ஏழரைக்கு மேல் போனால் நீங்கள் கேட்கும் நிறம் தீர்ந்திருக்கலாம். மளிகைக்குத் தெருவிலேயே ஒரு அண்ணாச்சி கடையைப் பிடியுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் இருபது ரூபாய்க்குச் சீரகம் கொடுப்பது, வாங்கிய பருப்பு பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவது, பிளம்பர் எண் சொல்வது, நீங்கள் வெளியே போயிருக்கும்போது வந்த பார்சலை வாங்கி வைப்பது, இதெல்லாம் அண்ணாச்சி கடையில்தான் நடக்கும். மாதச் சாமானை முதல் தடவை பட்டியல் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அடுத்த மாதத்திலிருந்து பையன் வீட்டுக்கே கொண்டு வருவான். வந்த புதிதில் நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் உறவு இதுதான்.

இப்போது மீன். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பேட்டையில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுப்பினை காசிமேடு. மீன்பிடித் துறைமுகம் உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். விசைப்படகுகள் இரவோடு இரவாக வந்து இறக்கும், விடியும் முன்பே மொத்த ஏலம் நடக்கும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கேதான் இருக்கும், விலையும் ஏறியிருக்கும். புதன், வியாழன் போனால் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும்தான், அதனால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மூடி வைத்த கூடை ஒன்றோடு போங்கள். நீங்கள் தெங்கிரி என்று வாங்குவது இங்கே வஞ்சிரம். சங்கரா, பாறை, கொடுவா, நெத்திலி, காரப்பொடி எல்லாம் கிடைக்கும்.

விற்கிற அக்காவிடம் விலை கேட்பதற்கு முன் மீனைப் பாருங்கள். செவுளைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். காவி நிறமாக மங்கியிருந்தால் பழையது. விரலால் முதுகுச் சதையை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். கண் உப்பலாக, பளிச்சென்று இருக்க வேண்டும். வாடிக்கையாக வருகிறவர் என்று தெரிந்தால் அவர்களே செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். சொல்லும் முதல் விலை கடைசி விலை இல்லை. ஆனால் பாதிக்குப் பாதி கேட்டு அந்தப் பெண்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்தாதீர்கள். நடுராத்திரியில் எழுந்து ஏலத்தில் நின்று எடுத்து வந்த மீன் அது. வாங்கிய மீனைச் சுத்தம் செய்து வெட்டிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். குழம்புக்கா வறுவலுக்கா என்று சொல்லுங்கள், தலையை வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகுகள் கொண்டு வரும் மீன் மட்டும்தான், வரத்துக் குறையும், விலை கூடும். பெரிய மீனைத் தேடாமல் அன்றன்றைக்கு வரும் சிறு மீனை வாங்குங்கள்.

காய்கறிக்கு எங்கும் போக வேண்டாம். கொத்தவால் சாவடியிலிருந்த காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. தள்ளுவண்டிக்காரர்கள் இரவோடு இரவாகக் கோயம்பேட்டில் எடுத்து, காலை எட்டு மணிக்கெல்லாம் உங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். தேங்காய்க்கு மட்டும் உங்கள் ஊர் வசதி இங்கே இல்லை. அங்கே கடையிலேயே துருவி, பால் பிழிந்துகூடத் தருவார்கள். இங்கே முழுக் காயாக வாங்கி, உடைத்துக் கேட்டால் உடைத்துத் தருவார்கள், அவ்வளவுதான். ஒரு துருவலும் நல்ல மிக்ஸியும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மாமியாரின் மருந்துக்கு இங்கே நடைமுறை வேறு. மலேசியாவில் கிளினிக்கிலேயே டாக்டர் மருந்தையும் கொடுத்துவிடுவார். இங்கே டாக்டர் சீட்டு எழுதித் தருவார், மருந்துக் கடையில் தனியாக வாங்க வேண்டும். தெரு டாக்டர்கள் பலர் பகலில் வேறு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள். சொந்த கிளினிக்கை மாலை ஆறரைக்கு மேல்தான் திறப்பார்கள். ஆறு மணிக்கே போய் டோக்கன் வாங்கி வைத்துவிட்டால் ஏழரைக்குள் வீடு திரும்பலாம். கிளம்பும்போது குறைந்தது ஒரு மாதத்துக்கு மாத்திரையும், உங்கள் டாக்டர் எழுதிய சீட்டும் எடுத்து வாருங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் அளவும் இருக்கட்டும்: அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்பதுபோல. அங்கே விற்கும் பெயர் இங்கே இருக்காது, மூலப் பெயர் எங்கேயும் ஒன்றுதான். காய்ச்சலுக்குப் பனடோல் என்று கேட்காமல் பாராசிட்டமால் என்று கேளுங்கள்; டோலோ, குரோசின் என்று தருவார்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் விலை நன்றாகக் குறையும். ராத்திரியில் நெஞ்சு வலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 108. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு மிக அருகில், பழைய ஜெயில் சாலையில் இருக்கிறது; அவசர சிகிச்சை இரவு பகல் பாராமல் நடக்கும். கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வட சென்னை மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வரும் இடம் அது.

போக்குவரத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோவை விம்கோ நகர் வரை நீட்டியபோதுதான் தியாகராயா கல்லூரி நிலையமும் திறந்தது. அதே நீல வழித்தடத்தில் விமான நிலையம் வரை ரயில் மாறாமலே போகலாம். பெட்டி படுக்கை அதிகமில்லை என்றால் வந்து இறங்கும் நாளிலும் அதிலேயே வரலாம். மாநகரப் பேருந்தில் முன்புறம் பிங்க் நிறம் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நடத்துநர் தரும் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருங்கள். ஷேர் ஆட்டோ டிஎச் ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஓடிக்கொண்டே இருக்கும். ஏறும் முன் இடத்தைச் சொல்லிக் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கமும் மாட்டிக்கொண்டால் நேரம் போய்விடும். அந்தப் பக்கம் வேலை இருந்தால் கையில் அரை மணி கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

துணிமணிக்கு எம்.சி. ரோடு உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் மாமியாரை அங்கே கூட்டிப் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. மொத்தமாகவோ மலிவாகவோ வாங்குவதற்கு மண்ணடி மெட்ரோவில் இறங்கிச் சவுகார்பேட்டைப் பக்கம் நடக்கலாம்: கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் நோட்டுப் புத்தகமும், பத்ரியன் தெருவில் பூ. கொத்தவால் சாவடியில் இன்றும் பருப்பு, மசாலாச் சாமான் வியாபாரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருக்கும். பகல் பதினொன்றுக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் கைவண்டிகளும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளும் சந்துகளை நிறைத்துவிடும்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து, காலையில் வரும் மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிட வேண்டும். மீன் வாங்கும் நாளில் அதன் கழிவை ராத்திரி வாசலில் வைக்காதீர்கள், தெரு நாய்கள் இழுத்துப் போட்டுவிடும். துணிக்குத் தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கும். காலையில் கொடுத்தால் மாலையில் எண்ணி வாங்கலாம்.

பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைக்காரரை அண்ணா, விற்கும் பெண்ணை அக்கா, வயதானவர்களை அம்மா, ஐயா. கறிக்கடையில் பாய் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள், நீங்களும் கூப்பிடலாம். உங்கள் பேச்சைக் கேட்டதும் "எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். தயங்காமல் மலேசியா என்று சொல்லுங்கள். சிலர் முதல் வாரம் விலையை ஏற்றிச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஒரே கடைக்குத் தொடர்ந்து போனால் அது நின்றுவிடும். அதோடு, வழி தெரியாமல் நிற்கும்போது கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்களும் இவர்கள்தான். சத்தமாகப் பேசுவது இங்கே வழக்கம், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக மழை. நீங்கள் செப்டம்பரில் வருகிறீர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அப்படி ஆகாது. ஆனாலும் அக்டோபர் பிறந்ததும் கூடுதலாக இரண்டு கேன் தண்ணீர், பத்து நாளுக்கு மாமியாரின் மாத்திரை, மெழுகுவத்தி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம் எடுத்து வைத்துவிடுங்கள். மின்சாரத்தோடு கைப்பேசி சிக்னலும் போனால் கியூஆர் அட்டையும் வேலை செய்யாது. பால் பவுடர் ஒரு பாக்கெட் இருக்கட்டும், புயல் நாளில் பூத்துக்குப் பால் வண்டி வர முடியாமல் போகலாம். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் உள்ள ஃபைலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நிற்கும். கனமழை அன்று அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தெருவில் தண்ணீர் தேங்கினாலும், மரம் விழுந்தாலும், குப்பை வண்டி வராவிட்டாலும் மாநகராட்சியின் எண் 1913. இரவிலும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் கேட்கும்போது அதைச் சொன்னால்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள்.